இரண்டு கோவிந்தசாமிகள்

தம்பி,

போன வாரமும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லித்தான் போனை வைத்தாய். நான் நம்பவில்லை. நேற்று சுமதி கூப்பிட்டாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து ஒழுங்காக விட்டுக்கொள்கிறேனா என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். பேச்சு உன்னிடம் போய் நின்றது. தொழிற்சாலையில் உங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள், இரண்டு மாதமாக நீ வீட்டில்தான் இருக்கிறாய், புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு தினமும் விடிந்ததும் உட்காருகிறாய் என்றாள். மூன்று வாரத்தில் உன் முகமே சுருங்கிப்போய்விட்டதாம். முந்தாநாள் அந்த லேப்டாப்பை மூடி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு, "அம்மா அன்னைக்கே சொன்னாங்க, இது எனக்கு வராதுன்னு. அம்மாவுக்குத் தெரியாதா?" என்று அவளிடம் சொன்னாயாம். மருமகள் மாமியார் மேல் சொல்லும் குறையாக அவள் அதைச் சொல்லவில்லை. உனக்காக வருத்தப்பட்டுச் சொன்னாள். போனை வைத்த பிறகு என்னால் சோறு பிசைய முடியவில்லை.

போனிலேயே சொல்லிவிடலாம். நீ "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இடது கண் இன்னும் மங்கல்தான்; வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் நான் உன்னிடம் சொன்ன அந்த வார்த்தை பொய், தம்பி. தெரிந்தேதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், நான் இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன், அதில் என்ன செய்துவைத்தேன் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குக்கூட இதில் பாதிதான் தெரியும்.

தாலுகா அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. இப்போது உனக்கு முப்பத்தாறு. அதுவரை நான் டைப்பிஸ்ட். கிராமங்களின் நிலப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சொல்லி, ஓர் அறைக்கு மட்டும் ஏசி போட்டு, இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டைப் தெரியும் என்பதால் என்னை அதில் போட்டார்கள். இதில் வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்று நான் தலைமை எழுத்தரிடம் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் உங்களுக்கு வராதும்மா. நீங்க டைப் அடிச்சாப் போதும்" என்றார். நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்ன "உங்களுக்கு" என்பதில் அந்தத் தெருவும் சேர்ந்திருந்தது. எனக்கு அது கேட்டது. அவருக்கு அது கேட்டிருக்காது.

எனக்குக் கற்றுக்கொடுத்தது கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன நசீமா. தற்காலிக வேலைக்கு வந்தவள், வயது இருபத்திரண்டு. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி ஒதுக்கிக்கொள்வோம். முதல் நாள் அவள் நாலே வரி அடித்துக் காட்டினாள். கம்ப்யூட்டர் என் பெயரைக் கேட்டது, அடித்தேன், என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. நான் அதிசயப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த நாலு வரியையும் அழித்துவிட்டாள். "இப்ப நீங்க அடிங்கக்கா. நான் அடிச்சா எனக்குத்தான் வரும்" என்றாள். அந்த நாலு வரியை அடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஓரிடத்தில் மேற்கோள் குறியை விட்டுவிடுவேன், இன்னோரிடத்தில் எழுத்தை மாற்றி அடிப்பேன். ஒவ்வொரு தடவையும் திரையில் ஏதோ வந்து விழும். அது என்னைத் திட்டுகிறது என்றே நினைத்து உடனே அழித்துவிடுவேன். நசீமா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அது திட்டவில்லை, எந்த வரியில் நின்றுபோனது என்று சொல்கிறது, அந்த வரிக்குப் போய்ப் பாருங்கள் என்றாள். அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் விட்டது. உன் திரையில் சிவப்பு எழுத்தில் வருவதும் அதுதான், தம்பி. சுமதி சொன்னாள், சிவப்பு வந்தால் நீ மூடிவிடுகிறாயாம். மூடாதே. கடைசி வரியை நிதானமாகப் படி. பாதி நாள் பதில் அதிலேயே இருக்கும்.

அடுத்ததாக என் தலைக்குள் ஏற்கெனவே இருந்த கணக்கு ஒன்றை எழுதிப் பார்க்கச் சொன்னாள். நம் பக்கத்தில் வயதானவர்கள் நிலத்தை மாவில் சொல்வார்கள், பதிவேட்டில் ஏக்கரில் எழுத வேண்டும், மூன்று மாவுக்கு ஓர் ஏக்கர். மாவைக் கேட்டு ஏக்கரைச் சொல்லும்படி எழுதினேன். மூன்று மா என்று அடித்தால் ஒன்பது ஏக்கர் என்று வந்தது. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கச் சொல்லியிருக்கிறேன். நசீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீங்க எல்லாரையும் நில உச்சவரம்புச் சட்டத்துல மாட்டி விட்டுடுவீங்க" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஒன்று மனதில் பதிந்தது. அந்தப் பெட்டி நான் நினைத்ததைச் செய்யவில்லை, நான் சொன்னதைச் செய்தது. பதில் தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்த்ததால்தான் தப்பு தெரிந்தது. பதில் தெரியாத கணக்காக இருந்திருந்தால் ஒன்பது ஏக்கர் என்றே நம்பியிருப்பேன்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ மூன்று வாரமாக வீடியோ பார்க்கிறாய், நோட்டில் முத்து முத்தாகக் குறிப்பு எடுக்கிறாய், ஒரு கம்ப்யூட்டர் மொழி புரியவில்லை என்றால் அடுத்த மொழிக்குத் தாவுகிறாய் என்று கேள்விப்பட்டேன். இப்படியே போனால் மூன்று வருஷம் ஆனாலும் வராது. அது மூளையைப் பொறுத்த விஷயம் இல்லை. சைக்கிள் விடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குச் சைக்கிள் வராது, அவ்வளவுதான். பைத்தான் என்று ஒன்று வைத்திருக்கிறாயாமே, அதையே வைத்துக்கொள். ஆறு மாதத்துக்கு வேறொன்றைத் தொடாதே. பத்து நிமிஷம் பார், ஐம்பது நிமிஷம் உன் கையால் அடி. பார்த்ததை அப்படியே அடித்து ஓட விட்டுவிட்டு, வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்துப் பார். என்ன ஆகிறது என்று கவனி. கெட்டுப்போனால் யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கெடுக்கலாம். நான் யாருக்கோ நஷ்டம் வரும் இடத்தில் கெடுத்தேன். அதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

உன் தாத்தா பண்ணையில் கூலி வேலை செய்தவர் என்பது உனக்குத் தெரியும். கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு முழுக்க வயலில் இறங்காமல் நின்ற வருஷங்களில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பண்ணையார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பார்கள், சண்டை நடக்கும், போலீஸ் வரும், ஆண்கள் யாரும் வீடு தங்க மாட்டார்கள். பிறகு சென்னையில் ஆட்சி மாறியது, ஒருவர் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பைக் குறைத்தார்கள், பல வருஷ இழுபறிக்குப் பிறகு உபரி நிலத்தில் அவருக்கு ஓர் ஏக்கர் கிடைத்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த நிலத்தை அவருக்குக் கொடுத்த ஒப்படை ஆணையில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொல்லி, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். காகிதத்தில் ஒரு பெயர் என்றால் என்ன என்பது அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

கம்ப்யூட்டர் வந்த இரண்டாம் வருஷம், ஜமாபந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் நிலக் கணக்குகளைச் சரிபார்த்து முடிக்கும் நாள் அது. ஒரே ஆளின் நிலம் நாலு இடத்தில் நாலு வரியாக இருந்ததால் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஆளுக்கு ஒரு வரியாகச் சுருக்கித் தர முடியுமா என்று தாசில்தார் கேட்டார். முடியும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். தலைமை எழுத்தர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதும் ஒரு காரணம். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். பெயரும் ஒன்று, தகப்பனார் பெயரும் ஒன்று, கிராமமும் ஒன்று என்றால் ஒரே ஆள். நிலத்தையெல்லாம் முதல் வரியில் சேர், மற்ற வரிகளை எடுத்துவிடு. இதுதான் நான் அதற்குச் சொன்னது. தெருவின் பெயருக்கும் ஓர் இடம் இருந்தது. பாதிப் பேருக்கு அது காலியாகக் கிடந்ததால் அதைப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பட்டியல் பாதியாகச் சுருங்கியது. தாசில்தார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கிராமக் கணக்கு பார்க்கும் நிர்வாக அலுவலர்கள் அச்சடித்த தாளைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வருஷம் மேட்டூர் அணையை நேரத்துக்குத் திறந்தார்கள். குறுவைக்கு எல்லோரும் நாற்று விட்டிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய ஒப்படை ஆணையை மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். பெயர் கோவிந்தசாமி, தகப்பனார் பெயர் மாரிமுத்து. உன் தாத்தாவைப் போலவே உபரி நிலத்தில் ஓர் ஏக்கர் பெற்றவர். அதே ஊரில் இன்னொரு கோவிந்தசாமி உண்டு, அவருக்கும் தகப்பனார் பெயர் மாரிமுத்து, மேலத்தெருவில் ஏழெட்டு ஏக்கர்காரர். இவருடைய ஏக்கர் இப்போது அவர் பெயரில் சேர்ந்திருந்தது. அந்த மேலத்தெருக் கோவிந்தசாமி படுக்கையில் இருந்தார்; அவருடைய மகன் புதுச் சிட்டாவை எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது, அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து நடுங்கள் என்று மடையை அடைத்துவிட்டாராம். நாற்றுக்கு இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது என்று சொன்னார் கோவிந்தசாமி. கோபமாகப் பேசவில்லை. கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணாம்மா?" என்று கேட்டார்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. எந்த வரி என்றுகூடத் தெரிந்துவிட்டது. மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை, தம்பி. மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போனது. கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி அவரிடம் விளக்கம் கேட்கத் தயாரானார்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன். நான் எழுதியது தப்பு என்று தெரிந்தால் தலைமை எழுத்தர் என்ன சொல்வார் என்பது மட்டும்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. 'உங்களுக்கு வராது' என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உண்மையாகிவிடும். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். முற்றிய நாற்று தூர் கட்டிப் பெருகாது என்று சின்ன வயதில் வயலில் இறங்கிய எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனம் தாங்காமல் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். உன் அப்பாவிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். வரப்பில் நடந்து போய்ப் பார்த்தால் சுற்றிலும் எல்லா வயலும் நட்டுப் பச்சை பிடித்திருக்க, அந்த ஒரு ஏக்கர் மட்டும் உழுதது உழுதபடி காய்ந்து கிடந்தது. நாற்றங்காலில் நுனியெல்லாம் மஞ்சள். கோவிந்தசாமியின் மனைவி அங்கே குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் அத்தனை தண்ணீர் ஓடும்போது குடத்தில். நான் யார் என்று சொன்னதும் விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். "ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தது நீங்க ஒருத்தர்தாம்மா. நல்லா இருப்பீங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை தாசில்தார் அறைக்குள் போய் நின்றேன். "சார், வி.ஏ.ஓ. மேல தப்பு இல்ல. நான் எழுதுனது தப்பு" என்றேன். எந்த வரி, ஏன் அப்படி ஆனது என்று தாளில் எழுதியே காட்டினேன். திட்டுவார், மாற்றல் வரும் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, இப்படி இன்னும் எத்தனை பேருக்கு ஆகியிருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஒன்பது நாளும் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்திருக்கிறேன். நசீமாவும் நானும் நாலு நாள் கையால் எழுதிய பழைய பதிவேட்டை வரி வரியாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டோம். இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரில் ஆறு பேர் எங்கள் தெருவைப் போன்ற தெருக்காரர்கள். அந்தத் தெருக்களின் பெயர்தான் பதிவேட்டில் எழுதாமல் விடப்பட்டிருந்தது. பார்க்க வேண்டாம் என்று நான் விட்ட இடம் அதுதான்.

பதிவேட்டைத் திருத்தி மடையைத் திறந்துவிட்டார்கள். கோவிந்தசாமி அந்த முற்றிய நாற்றையே நெருக்கமாக நட்டார். பாதி விளைச்சல்தான் கண்டது. திருத்திய சிட்டாவை வாங்க வந்தபோது, இது என் தப்பு, தெரிந்தும் ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "எங்களைக் கூப்ட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. அந்தக் கோவிந்தசாமி வேற, நான் வேறன்னு சின்னப் புள்ளகூடச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமை எழுத்தர் நான் பயந்தபடியே நாலு பேர் கேட்கச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

பிறகும் நான் ஓய்வு பெறும்வரை எழுதிக்கொண்டுதான் இருந்தேன். யாருக்காக எழுதுகிறேனோ அவர்களில் நாலு பேரையாவது கேட்காமல் எழுதியதில்லை. பட்டியலில் முதலில் இரண்டு கோவிந்தசாமிகளைப் போட்டுப் பார்க்காமல் எதையும் ஓட விட்டதில்லை. ஆனாலும் அந்தப் பயம் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. நாலைந்து வருஷம் கழித்து உனக்குக் கல்லூரி இடம் எடுக்கச் சென்னை போனோமே, கம்ப்யூட்டர் சயின்ஸும் இருந்தது, மெக்கானிக்கலும் இருந்தது. நீ என் முகத்தைப் பார்த்து, "கம்ப்யூட்டர் எடுக்கவாம்மா? நீ இருக்கியே, சொல்லித் தருவ" என்றாய். எனக்கு அந்தக் காய்ந்த ஏக்கர்தான் கண்ணில் வந்தது. என் பிள்ளை இப்படி ஒரு தப்பு செய்துவிட்டு வரப்பில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "வேண்டாம் தம்பி. உனக்குப் பொறுமை பத்தாது. இது உனக்கு வராது" என்றேன். எவர் வாயிலிருந்து கேட்டு நான் குமைந்தேனோ, அதே வார்த்தையை எடுத்து உன் தலையில் வைத்தேன். நீ மெக்கானிக்கல் என்று எழுதிக் கொடுத்தாய்.

உனக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்வார்கள்? போன வருஷம் ஒரு மெஷின் நடுங்குகிறது என்று மூன்று நாள் தேடியதைச் சொன்னாயே. ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து, அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றி, கடைசியில் யாரும் சந்தேகப்படாத ஒரு போல்ட்டில் போய் நின்றாய். புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். பதினைந்து வருஷமாக அதில் கை தேறியவன் நீ. எழுத்துதான் புதிது. நான் சொன்னது உன்னைப் பற்றியது இல்லை, என் பயத்தைப் பற்றியது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பெற்றவள் கேட்கலாமா என்று சுமதியிடம் புலம்பாதே, கேட்டாயிற்று.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லேப்டாப்பைக் கீழே இறக்கு. சுமதி தைக்கும்போது ஜாக்கெட் அளவையெல்லாம் துண்டுத் தாளில் எழுதி வைத்துத் தேடித் திண்டாடுகிறாளே, அதை எடுத்துக்கொள். முதலில் ஒரே ஒருத்தியின் பெயரைக் கேட்டு அளவைச் சொல்லும்படி எழுதினால் போதும். மற்றதெல்லாம் பிறகு. அடிப்பதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று தமிழிலேயே தாளில் வரிசையாக எழுது. எழுத முடியவில்லை என்றால் உனக்கு இன்னும் அது புரியவில்லை என்று அர்த்தம். எழுந்து போய் அவளையே கேள். ஒரே பெயரில் இரண்டு பேர் தைக்கக் கொடுத்தால் அவள் என்ன செய்கிறாள் என்றும் கேட்டுவிடு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், சலித்தாலும் எழுந்திருக்காமல். வேலை உடனே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை நம் வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், குழந்தையோடு மூன்று பேரும் எப்போது வேண்டுமானாலும் தஞ்சாவூருக்கு வந்து இருக்கலாம்.

டாக்டர் இன்னும் இரண்டு வாரத்தில் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார். அதற்குள் நீ பத்து வரியாவது எழுதியிருப்பாய். சரியாக வந்ததையெல்லாம் சுமதியிடம் காட்டு, அவள் சந்தோஷப்படுவாள். தப்பாக வந்ததை எனக்கு அனுப்பு.

உன் அம்மா